பழுதான மின்னணுக் கருவிகளுக்குக் கோரிக்கை பதிதல்: நான்கு வழிகளின் ஒப்பீடு

கணினி, புரொஜெக்டர், யுபிஎஸ், ஆசிலோஸ்கோப், நெட்வொர்க் ஸ்விட்ச் எனப் பல வகைக் கருவிகள் புழங்கும் எந்த நிறுவனத்திலும், பழுதுகளைப் பதிந்து கண்காணிக்க ஒரு தரவுத்தளம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழுவதில்லை. அந்தத் தரவுத்தளத்துக்குள் கோரிக்கை எந்த வழியாக வர வேண்டும் என்ற கேள்வியில்தான் பலரும் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொன்னால் போதும், பதிவதைப் பழுதுநீக்கப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விடுவதா, எல்லோரும் திறக்கக்கூடிய எக்செல் ஷீட் ஒன்றில் வரி சேர்க்கச் சொல்வதா, ஒவ்வொரு கோரிக்கையையும் தனி எண்ணுள்ள 'டிக்கெட்' ஆகப் பின்தொடரும் டிக்கெட் மென்பொருள் ஒன்றை நிறுவுவதா, அல்லது ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுத்து அந்த எண்ணின் கீழேயே கோரிக்கையைப் பதியும் கருவிப் பதிவேட்டை உருவாக்குவதா என்பதே கேள்வி. நான்கும் நடைமுறையில் ஓடிக்கொண்டிருக்கும் வழிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் தன் செலவை வெவ்வேறு இடத்தில் மறைத்து வைத்திருக்கிறது.

ஒப்பீட்டுக்குள் நுழையும் முன் ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தாலோ, கருவியிலிருந்து கருகிய வாசனை வந்தாலோ, உலோக உறையைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ, எந்தப் படிவமும் முதலில் வரக் கூடாது. பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்களை விலக்கி, பொறுப்பானவருக்கு நேரில் சொன்ன பிறகே பதிவு. இனி வருவதெல்லாம் அவசர ஆபத்து இல்லாத பழுதுகளுக்கானது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், கோரிக்கை தருபவருக்கு ஆகும் நேரம். கருவி நின்றுபோன எரிச்சலில் இருப்பவர், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு படிவத்தோடு மல்லுக்கட்ட மாட்டார். படிவம் நீண்டால் அவர் பக்கத்து அறைக் கருவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்; பழுதான கருவி மேசைக்கு அடியில் ஒதுங்கிவிடும்.

இரண்டாவது, அடையாளம். "மூன்றாவது மாடிப் பிரிண்டர்" என்பது அடையாளம் ஆகாது, ஏனென்றால் அடுத்த மாதம் அது இரண்டாவது மாடியில் இருக்கலாம். மூன்றாவது, பழுதுநீக்குபவருக்குப் பயன்படும் அளவுக்கு விவரம் வந்து சேர்கிறதா என்பது. நான்காவது, அந்தக் கருவியின் முந்தைய பழுதுகள் ஒரே பார்வையில் தெரிகின்றனவா என்பது. ஐந்தாவது, இந்த ஏற்பாட்டை ஆண்டுக்கணக்கில் நடத்திச் செல்ல ஆகும் உழைப்பு.

இவை ஐந்தும் சம எடை கொண்டவை அல்ல. என் கணிப்பில் நான்காவதே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதற்குக் காரணம் மின்னணுப் பழுதுகளின் இயல்பு. மேசைமேல் வைக்கும் ஒரு பவர் சப்ளையை எடுத்துக்கொள்வோம். போட்டவுடன் நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் சூடேறிய பிறகு மின்னழுத்தம் தள்ளாடி, தானாக அணைகிறது. பயன்படுத்தியவர் "வேலை செய்யவில்லை" என்று எழுதி அனுப்புகிறார். டெக்னீஷியன் ஆறிய கருவியைப் போட்டுப் பார்க்கிறார், ஐந்து நிமிடம் ஓடுகிறது, "பழுது ஏதும் இல்லை" என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறார். சில வாரங்கள் கழித்து வேறொருவர், வேறு சொற்களில், அதே கருவியை அனுப்புகிறார். மூன்றாம் முறை அது வருகிற போது, முந்தைய இரண்டு குறிப்புகளும் அதே கருவியின் பக்கத்தில் அடுத்தடுத்துத் தெரிந்தால், சூட்டோடு தொடர்புடைய பழுது என்ற சந்தேகம் உடனே எழும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (உள்ளே திரவம் கொண்ட, மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம்) காய்ந்துவிட்டதா, விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா என்று பார்க்கத் தோன்றும். இயங்கும் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் அவ்வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. ஆகவே விசிறி தளர்ந்தால் அடுத்துப் பழுதாகப் போவது எது என்பதும் ஊகிக்கக்கூடியதே. அந்த மூன்று குறிப்புகளும் மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயரில் சிதறிக் கிடந்தால், கருவி நான்காம் முறையும் "பழுது ஏதும் இல்லை" என்றே திரும்பிப் போகும்.

## வழி ஒன்று: தொலைபேசி, மின்னஞ்சல்

கோரிக்கை தருபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட எளிதான வழி இல்லை. கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், புதிதாக எதையும் கற்க வேண்டாம். கேட்பவர் அனுபவசாலியாக இருந்தால் எதிர்க்கேள்வி கேட்டு, விளக்கு எரிகிறதா, கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா என்று விசாரித்து, எந்தப் படிவத்தாலும் பெற முடியாத விவரத்தைப் பெற்றுவிடுவார். இந்த நன்மையைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு, நடுவில் உட்கார்ந்து பதிபவரின் நேரம். அவர் விடுப்பில் போனால் பதிவும் விடுப்பில் போகிறது. கேட்டதை அவர் மாலையில் நினைவிலிருந்து எழுதினால், "சூடான பிறகு" என்ற அந்த ஒரு சொல் விடுபட்டுவிடலாம். கோரிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டு வரும் அழைப்புகள் தனி வேலை.

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. ரிக்வெஸ்ட் டிராக்கர் போன்ற மென்பொருள்கள் மின்னஞ்சலையே வாயிலாகக் கொண்டு இயங்குபவை: குறிப்பிட்ட முகவரிக்கு வரும் கடிதம் தானாகவே டிக்கெட் ஆகும், தலைப்பில் சேர்க்கப்படும் எண்ணைக் கொண்டு பதில்கள் எல்லாம் அதே டிக்கெட்டில் வந்து சேரும். பயன்படுத்துபவருக்கு அது வெறும் மின்னஞ்சல். பழுதுநீக்கப் பிரிவுக்கு அது பதிவு. ஆனால் கடிதத்தில் கருவி எண் இருக்கிறதா என்பதை மட்டும் மென்பொருளால் உறுதிசெய்ய முடியாது, அதை ஒருவர் படித்துத்தான் இணைக்க வேண்டும்.

கருவிகள் குறைவு, பழுதுநீக்குபவர் ஒருவரே, பயன்படுத்துபவர்கள் கணினி முன் உட்காராதவர்கள் என்றால் இந்த வழியே போதும்.

## வழி இரண்டு: பகிர்ந்த விரிதாள்

பெரும்பாலான இடங்களில் இது திட்டமிட்டு வருவதில்லை. யாரோ ஒருவர் வசதிக்காகத் தொடங்கிய ஷீட், மெல்ல மெல்ல நிறுவனத்தின் தரவுத்தளம் ஆகிவிடுகிறது. தொடங்கச் செலவில்லை, எல்லோருக்கும் பழக்கம், வடிகட்டவும் வரிசைப்படுத்தவும் எளிது.

சீரியல் எண்களை எக்செல் கையாளும் விதம் முதல் தொல்லை. அது எண்ணாகக் கருதும் எதிலும் முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்கிவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிவிடும். கைபேசியின் ஐஎம்இஐ எண் 15 இலக்கம் என்பதால் தப்பித்துக்கொள்ளும்; 19 அல்லது 20 இலக்கம் வரும் சிம் அட்டை எண் தப்பாது. மாதப் பெயரின் சுருக்கம் போலத் தோன்றும் எழுத்துகளும் எண்களும் சேர்ந்திருந்தால் அவற்றைத் தேதியாக மாற்றிவிடும். இந்தப் பழக்கத்தோடு போராடிச் சலித்த மனித மரபணுப் பெயரிடும் குழு, சில மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றி, 2020-இல் அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. ஒரு விரிதாளுக்காக அறிவியல் குறியீடுகள் இடம்பெயர்ந்தன என்றால், நம் சீரியல் எண்கள் எம்மாத்திரம்! சீரியல் எண் வரும் பத்தி (column) முழுவதையும் எழுத்து வடிவமாக முன்கூட்டியே அமைத்துவிட்டால் தொல்லை தீரும். ஆனால் அதை அமைக்க நினைவு வருவது, எண்கள் கெட்ட பிறகுதான்.

கொள்ளளவும் சில நேரங்களில் காலை வாரும். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிகளே அடங்கும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு அந்தப் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதால், 15,841 கோவிட் தொற்றுப் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. பழுதுக் கோரிக்கைகள் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிதுதான்.

அன்றாடச் சேதம் வேறு வகையானது. "நிலை" என்ற பத்தியில் "உதிரிபாகத்துக்குக் காத்திருப்பு" என்பதை அழித்து "முடிந்தது" என்று எழுதினால், எத்தனை நாள் காத்திருந்தது என்ற தகவலும் ஷீட்டின் முகத்திலிருந்து அழிந்துபோகிறது. ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து யாரோ வரிசைப்படுத்திவிட்டால், கருவி ஒரு வரியிலும் அதன் பழுது வேறு வரியிலும் போய் உட்காரும். அதைக் கண்டுபிடிக்கவே சில வாரங்கள் ஆகலாம். பழைய பதிப்புகளைத் திரும்பப் பெறும் வசதி இணைய விரிதாள்களில் இருக்கிறது, ஆனால் எந்தப் பதிப்பு வரை ஷீட் சரியாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

எழுதுபவர் ஒருவராகவும் படிப்பவர்கள் பலராகவும் இருக்கும்போது விரிதாள் நன்றாகவே வேலை செய்கிறது. எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிட்ட நாளிலிருந்து அது கெடத் தொடங்குகிறது.

## வழி மூன்று: டிக்கெட் மென்பொருள்

பக்ஸில்லா 1998-இல் வந்தது. ஜிரா 2002-இல், ரெட்மைன் 2006-இல். இவை மென்பொருள் பிழைகளையும் மென்பொருள் பணிகளையும் பின்தொடர உருவாகி, பிறகு எல்லா வகைக் கோரிக்கைகளுக்கும் விரிந்தவை. ஓஎஸ்டிக்கெட் போன்றவை வாடிக்கையாளர் உதவிக்காக உருவானவை. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாகிறது, பொறுப்பாளர் யார் என்று தெரிகிறது, நிலை மாறும்போது கோரிக்கை தந்தவருக்குத் தகவல் போகிறது. விரிதாளின் பெரும்பாலான குறைகள் இங்கே தீர்ந்துவிடுகின்றன.

ஆனால் மென்பொருள் பிழைக்கும் கருவிப் பழுதுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, இந்த மென்பொருள்களின் அமைப்பில் ஒளிந்திருக்கிறது. மென்பொருளில் ஒரு பிழை என்றால் அது எல்லாப் பிரதிகளிலும் இருக்கும். ஒருமுறை திருத்தினால் எல்லோருக்கும் தீரும். அதனால்தான் ஒரே பிழையை இரண்டு பேர் சொன்னால், இரண்டாவதை "ஏற்கெனவே பதிவானது" என்று மூடிவிடுவது அங்கே நல்ல ஒழுங்கு. கருவியில் அதையே செய்தால் விபரீதம். ஒரே மாடல் புரொஜெக்டர்கள் இரண்டு, ஒரே அறிகுறியோடு வந்தன என்பதற்காக இரண்டாவது கோரிக்கையை மூடினால், ஒரு புரொஜெக்டர் சரியாகும். மற்றொன்று அலமாரியில் உட்கார்ந்திருக்கும், அதற்கான கோரிக்கை மூடப்பட்டது என்றே தரவுத்தளம் சொல்லும். இவற்றை நகல் என்று மூடாமல், தொடர்புடையவை என்று மட்டும் இணைக்கும்படி டெக்னீஷியன்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

நிலைகளும் அப்படியே ஒத்துவராது. புதியது, ஒப்படைக்கப்பட்டது, தீர்ந்தது என்ற வரிசை மென்பொருளுக்குப் போதும். கருவிக்கு அது இப்போது யார் கையில், எந்த அலமாரியில் இருக்கிறது, உற்பத்தியாளருக்கு அனுப்பப்பட்டதா, மாற்றுக் கருவி கொடுக்கப்பட்டதா என்பவையும் வேண்டும். இவற்றைக் கூடுதல் புலங்களாக (படிவத்தில் நிரப்பும் இடங்களாக) சேர்க்கலாம். சேர்க்கச் சேர்க்கப் படிவம் நீள்கிறது. கட்டாயப் புலம் என்று நட்சத்திரம் போட்டுவிட்டால் விவரம் வந்துவிடும் என்று நிர்வாகிகள் நம்புகிறார்கள். வருவது பெரும்பாலும் ஒரு புள்ளியோ கோடோ பூஜ்யமோதான்.

முன்னுரிமையைக் கோரிக்கை தருபவரே தேர்ந்தெடுக்கும்படி விட்டால், எல்லாமே "மிக அவசரம்" ஆகிவிடும். 1980-களில் பிரிட்டன் அரசு அமைப்பொன்றில் பிறந்த ஐடிஐஎல் என்ற தகவல்தொழில்நுட்பச் சேவை நடைமுறைத் தொகுப்பு இதற்குத் தரும் வழி எளியது: எத்தனை பேருடைய வேலை பாதிக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வேண்டும் என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, முன்னுரிமையை அவற்றிலிருந்து வரவழைப்பது. "வேறு கருவி கைவசம் இருக்கிறதா?" என்று கேட்பது, "அவசரமா?" என்று கேட்பதைவிட நேர்மையான பதிலைத் தரும்.

இன்னொரு செலவு, மென்பொருளின் ஆயுள். ஜிராவின் சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15-இல் நின்றது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு பதிப்புக்கோ வேறு மென்பொருளுக்கோ மாற வேண்டியிருந்தது. கருவி பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடும். மென்பொருள் அவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பதிவுகளையும், இணைப்புகள் உட்பட, வெளியே எடுக்க முடிகிறதா என்பதை நிறுவும் முன்பே சோதித்துவிட வேண்டும்.

பழுதுநீக்குபவர்கள் பலர் இருக்கும் இடத்துக்கும், வேறு வேலைகளுக்காக டிக்கெட் மென்பொருள் ஏற்கெனவே ஓடும் இடத்துக்கும் இது பொருத்தம்.

## வழி நான்கு: கருவிப் பதிவேட்டோடு இணைந்த கோரிக்கை

இங்கே தரவுத்தளத்தின் அச்சு, கருவி. ஜிஎல்பிஐ போன்ற மென்பொருளில் கருவிப் பட்டியலும் உதவிக் கோரிக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒவ்வொரு கருவியிலும் கியூஆர் குறியீடு ஒட்டப்பட்டிருக்கும். கைபேசியால் படித்தால் அந்தக் கருவியின் எண், மாடல், உத்தரவாதக் காலம் எல்லாம் நிரப்பப்பட்ட படிவம் திறக்கும். பயன்படுத்துபவர் அறிகுறியை மட்டும் எழுதினால் போதும். 1994-இல் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய இந்தக் குறியீட்டின் மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையில், ஏறத்தாழ 30 சதவீதம் வரை சிதைந்தாலும் தகவலை மீட்க முடியும் என்பதால், கீறலும் அழுக்கும் படும் கருவிகளுக்கு ஏற்றது. முதல் இரண்டு அளவுகோல்களும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது இந்த வழியில் மட்டுமே.

அதற்கான விலை முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. ஒவ்வோர் அறையாகப் போய், ஒவ்வொரு கருவியையும் புரட்டி, பின்புறத்திலுள்ள மங்கிய எழுத்தைப் படித்துப் பதிய வேண்டும். ஒரு வேலைநாளில் முடியும் என்று திட்டமிட்டால் அது நிச்சயம் நீளும். ஒட்டும் இடத்திலும் கவனம் தேவை. காற்றுத் துளைகளை மறைக்கக் கூடாது. சூடாகும் பரப்பில் ஒட்டினால் பசை உருகி உரியும். எல்லாவற்றையும்விட, கழற்றக்கூடிய மேல்மூடியில் ஒட்டவே கூடாது. பழுதுநீக்கும் மேசையில் ஒரே மாடல் கருவிகள் இரண்டு திறந்து கிடக்கும்போது மூடிகள் மாறிப்போவது சாதாரணமாக நடப்பது. அதன்பின் ஒன்றின் வரலாறு மற்றொன்றின் தலையில் ஏறிவிடும், தரவுத்தளத்தில் எந்தத் தவறும் தெரியாது. அடிச்சட்டத்தில் ஒட்டி, சீரியல் எண்ணையும் சேர்த்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

உதிரிபாகங்கள் இடம் மாறுவது இன்னொரு சிக்கல். ஒரு பெட்டியிலிருந்த கார்டை எடுத்து மற்றொன்றில் பொருத்தினால், பழுதின் வரலாறு பெட்டியோடு போக வேண்டுமா, கார்டோடு போக வேண்டுமா? விலை உயர்ந்த, அடிக்கடி இடம் மாறும் பாகங்களுக்கு மட்டும் தனி எண் கொடுத்தால் போதும். எல்லாவற்றுக்கும் எண் கொடுக்க முயன்ற பதிவேடுகள் பெரும்பாலும் பாதியிலேயே கைவிடப்படுகின்றன.

அளவீட்டுக் கருவிகளைக் கொண்ட ஆய்வகங்களுக்கு இது விருப்பத் தேர்வு மட்டும் அல்ல. சோதனை, அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையின் 2017 பதிப்பு, முடிவுகளைப் பாதிக்கக்கூடிய கருவிகளுக்கு நேர்ந்த சேதம், கோளாறு, மாற்றம், பழுதுநீக்கம் ஆகியவற்றின் விவரம் அந்தந்தக் கருவியின் பதிவில் இருக்க வேண்டும் என்கிறது. பழுதான கருவியைப் பயன்பாட்டிலிருந்து விலக்கித் தனியே வைக்கவோ, தெளிவாக அடையாளமிடவோ வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஆய்வகங்கள் நான்காம் வழியிலிருந்தே தொடங்கலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தொலைபேசி, மின்னஞ்சல் | விரிதாள் | டிக்கெட் மென்பொருள் | கருவிப் பதிவேடு |
|---|---|---|---|---|
| கோரிக்கை தருபவரின் நேரம் | மிகக் குறைவு | குறைவு | படிவத்தைப் பொறுத்தது | குறைவு, குறியீடு ஒட்டியிருந்தால் |
| கருவியின் அடையாளம் | பதிபவரைப் பொறுத்தது | எளிதில் கெடும் | தனிப் புலம் சேர்த்தால் உண்டு | உறுதி |
| பழுதின் விவரம் | கேட்பவர் திறமை | ஒரு வரியில் சுருங்கும் | நன்று | நன்று |
| முந்தைய பழுதுகள் | நினைவில் மட்டும் | தேடி எடுக்க வேண்டும் | தேடி எடுக்கலாம் | நேராகத் தெரியும் |
| மறைந்த செலவு | நடுவில் இருப்பவர் | கவனிக்கப்படாத சிதைவு | நிர்வாகம், இடமாற்றம் | தொடக்க உழைப்பு |

## எந்த வழியானாலும் படிவத்தில் கேட்க வேண்டியவை

கருவி எண்ணுக்கு அடுத்தபடியாக, என்ன தெரிந்தது என்று கேட்க வேண்டும். என்ன பழுது என்று கேட்கக் கூடாது. "பவர் சப்ளை போய்விட்டது" என்பது ஊகம்; அதை நம்பி உதிரிபாகம் வரவழைத்தால் பணம் வீண். "சுவிட்சைப் போட்டால் பச்சை விளக்கு ஒருமுறை மின்னி அணைகிறது, விசிறி சுற்றவில்லை" என்பது டெக்னீஷியனுக்கு வேண்டிய சொல். எப்போதும் நடக்கிறதா, சில நேரம் மட்டுமா, சூடான பிறகா என்பதற்கு ஒரு தேர்வுப் பட்டியல் கொடுக்கலாம். திரையில் வந்த பிழைச் செய்தியைப் புகைப்படமாகச் சேர்க்க இடம் இருந்தால் தட்டச்சுத் தவறுகள் குறையும். கருவியோடு அனுப்பப்படும் அடாப்டர், கேபிள், ரிமோட் ஆகியவற்றைக் குறிக்கவும் ஒரு வரி வேண்டும், ஏனென்றால் பழுதுநீக்கப் பிரிவில் எழும் சச்சரவுகளில் பல, வராத அடாப்டரைப் பற்றியவை. உள்ளே தரவு சேமித்திருக்கும் கருவி என்றால், அதை அழிக்கலாமா என்ற கேள்விக்குக் கோரிக்கை தருபவரே பதில் எழுத வேண்டும். இவற்றைத் தாண்டி வேறு எதையும் அவரிடம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. மற்றதெல்லாம் டெக்னீஷியன் நிரப்ப வேண்டியவை.

## யாருக்கு எது

கருவிகள் சில டஜனுக்குள் இருந்து, பழுதுநீக்குபவரும் ஒருவரே என்றால், கோரிக்கை மின்னஞ்சலில் வரட்டும், அவர் மட்டும் எழுதும் விரிதாளில் பதிவாகட்டும். கருவி எண் ஒரு பத்தியாகவும், ஒவ்வொரு நிலை மாற்றமும் பழையதை அழிக்காமல் புதிய வரியாகவும் இருந்தால், அந்த எளிய ஏற்பாடு பல ஆண்டுகள் தாங்கும்.

கருவிகள் பல நூறு, ஆனால் பட்டியல் எடுக்க ஆளும் நேரமும் இல்லை என்ற நிலைதான் அதிகம் காணப்படுவது. இங்கே நான் பரிந்துரைப்பது, டிக்கெட் மென்பொருளை உடனே தொடங்கி, முழுப் பட்டியலுக்குக் காத்திராமல், பழுதாகி வரும் கருவிக்கு மட்டும் அது மேசைக்கு வரும்போதே எண் கொடுத்து ஒட்டுவது. அடிக்கடி பழுதாகும் கருவிகள் முதலில் பதிவேட்டுக்குள் வந்துவிடும். ஒருபோதும் பழுதாகாதவற்றுக்கு அவசரமும் இல்லை. உத்தரவாதக் காலம் முடியாத புதிய கருவிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு: அவற்றை வாங்கிய அன்றே பதிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உற்பத்தியாளர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய கருவியை நம் டெக்னீஷியனே திறந்து உத்தரவாதத்தைச் சிக்கலாக்கிவிடுவார்.

ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள், பழைய பதிவுகள் அனைத்தையும் கொண்டுபோக முயல வேண்டாம். திறந்திருக்கும் கோரிக்கைகளும், இரண்டுக்கு மேற்பட்ட முறை பழுதான கருவிகளின் குறிப்புகளும் கையால் மாற்றப்பட்டால் போதும். மற்றவை படிக்க மட்டும் திறக்கும் கோப்பாக இருக்கட்டும். பழைய மின்னஞ்சல் முகவரியையோ ஷீட்டையோ மாறிய அன்றே மூடிவிடாமல், அங்கே வரும் கோரிக்கைகளைப் பழுதுநீக்கப் பிரிவே சில மாதங்கள் புதிய இடத்தில் பதிந்து, அந்தப் பதிவின் எண்ணோடு பதில் அனுப்பிவர வேண்டும்.